எந்த வாரம், இங்வில்?

என் தங்கை இங்வில் நான்கு வருடம் என்னோடு பேசவில்லை. காரணம், மெழுகு.

சிரிக்காதீர்கள். ஸ்கீ கட்டையின் அடியில் தேய்க்கிற மெழுகுக்காக அடித்துக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனையோ உண்டு. சண்டை நடந்த அன்றைக்கு மலையில் சரியாக ஜீரோ டிகிரி. அதற்குக் கீழே இருந்தால் ஒரு மெழுகு, மேலே இருந்தால் வேறு ஒன்று. ஜீரோவில் நின்றால் மட்டும் புருஷன் பெண்டாட்டிகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ட்யூபில் வருகிற பிசின்தான் தடவ வேண்டும் என்றேன் நான். நீல மெழுகு போதும் என்றாள் அவள். அவள் கையிலிருந்த ஸ்கீயைப் பிடுங்கி, அவள் தேய்த்ததையெல்லாம் சுரண்டிவிட்டு, நானே பிசினைத் தடவிக் கொடுத்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன்.

"உன்கூட இருந்தா மூச்சு விடறதுக்குக்கூட உன்கிட்ட நேரம் கேட்டு வாங்கணும்!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். நான் என்ன ஊமையா? நானும் கத்தினேன். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் வேலையை மாற்றிக்கொண்டு, இரண்டு பையன்களையும் அழைத்துக்கொண்டு, பெர்கனுக்குப் போய்விட்டாள். நாங்கள் ஓஸ்லோவிலேயே இருந்தோம். நடுவில் ஒரு மலைத்தொடரே கிடந்தது, ரொம்ப வசதியாகப் போயிற்று.

பிசின்தான் சரி. இப்போதும் சொல்வேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் அடித்தது. அடுப்பில் பன்றி விலா வெந்துகொண்டிருந்தது. எடுத்தால் இங்வில்.

"அக்கா, போதும்க்கா. எனக்குப் போதும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அழுதேன். அவளும் அழுதாள். மாற்றி மாற்றி மூக்கைச் சிந்தினோம். விலா கருகுகிற வாசனை வந்தது. கருகித் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

"குளிர்கால லீவுக்கு ஸ்கார்வெதால் போலாமாக்கா? பழைய மாதிரி, அஸ்லாக் வீட்டுல?"

"போகாம? நான் அஸ்லாக்கிட்ட பேசறேன்."

"ஐயோ, நீ வேண்டாம். நான் பேசறேன்."

"நீ எதுக்குடி? நான் பார்த்துக்கறேன்."

"சரிக்கா, சரிக்கா."

"சரி, சரி."

ஆளாளுக்குச் சரி என்றோமே ஒழிய, யார் பேசுவது என்று முடிவாகவே இல்லை. அந்த சந்தோஷத்தில் அதெல்லாம் உறைக்கவில்லை. மறுநாளே நான், மலையில் எங்களுக்கு வாடகைக்கு வீடு விடுகிற அஸ்லாக்குக்குப் போன் போட்டு லீவு வாரத்துக்கு வீட்டைச் சொல்லி வைத்தேன். "சரி" என்றார் அவர். அப்புறம் இன்னொரு தடவை "சரி" என்றார். மலைக்காரர், அவர் அப்படித்தான்.

ஏற்பாடு செய்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் வேலையே அதுதான்: பல் வைத்தியரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்கிக் கொடுப்பது. யாருக்கு எந்தப் பல், எந்த நாள், எந்த மணி என்று என்னைக் கேட்காமல் அந்த இடத்தில் ஒரு பல்லும் அசையாது. ஜனவரி முழுக்க எனக்கும் இங்வில்லுக்கும் மெஸேஜ் பறந்தது.

"உருளைக்கிழங்கு, காபி, ஆரஞ்சு, ரொட்டி மாவு நான். கறி, பழுப்புச் சீஸ், வெண்ணெய், சாக்லேட் நீ."

"சரிக்கா. பெர்கன்ல நல்ல கலைமான் கறி கிடைக்கும்."

"சீட்டுக்கட்டு?"

"நான்."

"போர்வை?"

"அங்கயே இருக்கும்க்கா. அஸ்லாக் மாறவே மாட்டாரு."

"சனிக்கிழமை வந்துருவோம்."

"நாங்களும் சனிக்கிழமைதான்!"

ஒவ்வொரு மெஸேஜையும் என் புருஷன் ஸ்டைனாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். ஸ்டைனார் நல்ல மனுஷன், ஆனால் ஒரு வார்த்தையை வெளியே எடுப்பதற்குள் நமக்கு வயசாகிவிடும். என் பெண் தீரிலுக்குப் பதினைந்து வயது. "நீயும் சித்தியும் மறுபடி சண்டை போட்டா, நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துருவேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

சண்டையாவது ஒன்றாவது. இந்தத் தடவை எதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குள் சபதமே எடுத்திருந்தேன். இருக்கிறது ஒரே தங்கை. இதுவும் கோணினால் மறுபடி போன் பண்ணுகிற தெம்பு இரண்டு பேருக்குமே இருக்காது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்தச் சனிக்கிழமை, கார் நிறைய உருளைக்கிழங்கோடு ஸ்கார்வெதாலில் போய் இறங்கினோம். அஸ்லாக் சாவியைக் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒண்ணும் இல்ல." தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுப்பைப் பற்றவைத்து, எல்லாருக்கும் படுக்கை விரித்து, தங்கைக்கு ஜன்னல் பக்கத்து அறையை ஒதுக்கினேன். பெர்கனிலிருந்து வரும் சாயங்கால ரயில் வந்து போயிற்று. ஆளைக் காணோம். "பனி பிரமாதம். காத்துக்கிட்டிருக்கோம்" என்று மெஸேஜ் போட்டேன்.

உடனே பதில் வந்தது: "நாங்களும்தான்! தாங்க முடியல!"

நாங்களும்தானா? எங்கே உட்கார்ந்து காத்திருக்கிறார்களாம்? கடைசி ரயிலும் போன பிறகு, எனக்கு மண்டை சூடேற ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கு தின்றோம். ராத்திரிக்கு வறுத்த உருளைக்கிழங்கு.

"கடை பக்கத்துலதான் இருக்கு" என்றார் ஸ்டைனார், மெதுவாக. "கொஞ்சம் சீஸாவது..."

"சீஸ் அவ பங்கு. அவ பங்கை நான் ஏன் வாங்கணும்?"

"ஒரு போன் பண்ணிப் பாரேன்."

"நானா? வர்றேன்னு சொன்னவ அவ. வராதவளும் அவ. நான் போன் பண்ணணுமா?"

அவர் ஆரஞ்சை உரித்தார். மத்தியானம் அப்பாவும் பெண்ணும் ஸ்கீ போட்டுக்கொண்டு வெகுதூரம் போய்வந்தார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் மேலும் சாஸேஜ் வாசனை. கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டேன். தடவ வெண்ணெய் இல்லை. வறட்டு ரொட்டியை மென்றுகொண்டே ஜன்னல் பக்கத்து அறையைப் பார்த்தேன். விரித்த படுக்கை விரித்தபடியே கிடந்தது. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. பழி வாங்குகிறாள் என்றே முடிவு கட்டினேன். என்னை அழவைத்து, ஆசை காட்டி, மலை ஏறவைத்து, வெறும் உருளைக்கிழங்கோடு உட்காரவைத்திருக்கிறாள். போனை எடுத்தேன்.

"இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பின கையோடு போனைக் கவிழ்த்து வைத்தேன். நாலு வருஷம் கழித்துக் கிடைத்ததை, நாலு வார்த்தையில் நானே போட்டு உடைத்துவிட்டேன். எழுந்துபோய் அவள் படுக்கையைச் சுருட்டினேன். அழுகை வந்தது. அழுதேன்.

போன் கூவியது.

"சனிக்கிழமை மத்தியானம் நேரா உன் மூஞ்சியிலதான் வந்து முழிப்பேன், கலைமான் கறியோட. வாயைக் கழுவிட்டு ரெடியா இரு!"

இரண்டு தடவை படித்தேன். ஸ்டைனாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"எந்தச் சனிக்கிழமை? சனிக்கிழமைதான் போயிடுச்சே! குடிச்சிருக்காளா?"

ஸ்டைனார் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்தால் எனக்கு எப்போதுமே பயம்.

"பெர்கன்ல... லீவு ஒன்பதாம் வாரம்தானே?"

ஓஸ்லோ பள்ளிக்கூடங்களுக்கு வருஷத்தின் எட்டாம் வாரம் லீவு. பெர்கனுக்கு ஒன்பதாம் வாரம். மலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து குவியக்கூடாது என்று அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பல் வைத்தியரிடம் வருகிற குழந்தைகூடச் சொல்லும். ஆனால் கடைசியாக நாங்கள் சேர்ந்து மலைக்கு வந்தபோது இங்வில் ஓஸ்லோக்காரி. என் மனசில் அவள் பெர்கனுக்குக் குடிபோகவே இல்லை. குளிர்கால லீவு என்றாள். என் லீவு என்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் லீவு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"பசங்களுக்கு லீவு போட்டுட்டு வர்றாளோன்னு நினைச்சேன். நீ எல்லாம் பேசி முடிச்சிருப்பேன்னு..." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ கேக்கவும் இல்லையே."

தீரில் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு ஆரஞ்சை எடுத்து அவள் மேல் எறிந்தேன்.

கோபத்தை யார் மேலாவது காட்டியாக வேண்டும். பூட்ஸை மாட்டிக்கொண்டு நேரே அஸ்லாக் வீட்டுக்குப் போனேன். கிழவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்வில் அடுத்த வாரத்துக்கு வீடு சொல்லியிருக்காளா?"

"சொல்லியிருக்கா."

"இதே வீடா?"

"இதே வீடுதான். கறிகூட முன்னாடியே அனுப்பிட்டா, என் ஃப்ரீஸர்லதான் இருக்கு."

நான் வெறும் ரொட்டி தின்றுகொண்டிருந்த இடத்துக்கு எதிர்வீட்டு ஃப்ரீஸரில் கலைமான் கறி!

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அஸ்லாக்!"

"நான் எதுக்குச் சொல்லணும்? ஆளுக்கொரு வாரம் கேட்டீங்க. பரவாயில்லையே, இந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் புத்தி வந்துடுச்சு, ஒருத்தர் போன பிறகு ஒருத்தர் வர்றாங்கன்னு நினைச்சேன். கடைசி தடவை நீங்க போட்ட சத்தத்துல என் நாய் கட்டிலுக்கு அடியில போனது, ரெண்டு நாள் வெளியவே வரல."

என் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நாய் அவர் காலடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டைனார் சொன்னார்: "இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு. சிரிச்சுட்டு விட்டுருவா."

"மாட்டேன். சொன்னா என்ன சொல்லுவா தெரியுமா? 'பரவால்லக்கா, நீங்க கிளம்புங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னு மரியாதையா சொல்லுவா. அந்த அடுத்த வருஷம் வரவே வராது. நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இங்கேர்ந்து அசைய மாட்டேன். ஒரு ராத்திரின்னா ஒரு ராத்திரி."

"அதுவரைக்கும் உருளைக்கிழங்கா?" என்று கேட்டாள் தீரில்.

கடைக்குப் போய் சீஸும் வெண்ணெயும் நானே வாங்கிவந்தேன். அந்த வாரம் முழுக்க நன்றாகத்தான் சறுக்கினோம். ஆனால் ராத்திரி படுத்தால் ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது: நான் எழுதினதை அவள் கேலி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். நேரில் வந்து என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். என் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஜீரோ. சரியாக ஜீரோ! மேலே புதுப்பனி வேறு பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. வானத்தைப் பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

காலி செய்கிறவர்கள் வீட்டைக் கழுவிவிட்டுப் போக வேண்டும்; அது எல்லா வாடகை வீட்டுக்கும் உள்ள வழக்கம். நான் காலி செய்யப்போவதில்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் இது இங்வில்லின் வீடு, நான் அவள் விருந்தாளி. அதனால் முட்டி போட்டு சமையலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம் கேட்டது. இங்வில் சாமான் மூட்டையை, பனியில் காலால் உதைத்து ஓட்டுகிற சறுக்குவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். தொப்பியெல்லாம் பனி. இரண்டு பையன்களும் பின்னால், ஆளுக்கொரு தலை உயரமாக வளர்ந்திருந்தார்கள்.

"அக்கா! எங்களுக்கு முன்னாடியே வந்துட்டியா! எப்போ வந்தே?"

கையில் ஈரத்துணியோடு எழுந்து நின்றேன். "போன சனிக்கிழமை."

அவள் என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். மூலையில் காலியாகக் கிடந்த உருளைக்கிழங்குச் சாக்கைப் பார்த்தாள்.

"எட்டாம் வாரமா?" என்றாள், சத்தமே எழும்பாமல். அப்புறம் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. "ஊருக்கெல்லாம் நேரம் குடுக்கிற பொம்பளை! ஓஸ்லோ முழுக்கப் பல்லுக்கு நாள் குறிக்கிற பொம்பளை!"

"சிரிச்சது போதும், எழுந்திரிடி. பனியெல்லாம் உள்ள வருது. இப்பத்தான் தேய்ச்சேன்."

எழுந்தாள். கட்டிக்கொண்டாள். அவள் கோட்டு ஈரமெல்லாம் என் சட்டையில் ஏறியது. நான் விடவில்லை.

அஸ்லாக்கிடமிருந்து கறியை வாங்கிவந்து வதக்கி, வயிறு முட்டத் தின்றோம். பையன்களும் தீரிலும் வெளியே போகலாம் என்று குதித்தார்கள். இங்வில்லும் நானும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டோம்.

"நான் போய் என்னோட ஸ்கீயை எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"நானும் என்னோடதை..." என்றாள்.

விறகுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெட்டியில் என் பிசின் ட்யூப் இருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, நீல மெழுகை எடுத்தேன். தேய்க்கும்போது கை கூசியது, சொல்லிவிடுகிறேன். தப்பு என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்கிறோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேதான் தேய்த்தேன். ஆனாலும் தேய்த்தேன்.

இங்வில் வீட்டுக்குப் பின்பக்கத்திலிருந்து வந்தாள், ஸ்கீயின் அடிப்பக்கத்தை உடம்போடு அணைத்துப் பிடித்தபடி. ஒருத்தரை ஒருத்தர் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் மேட்டிலேயே மாட்டிக்கொண்டோம். நான் ஒரு அடி ஏறினால் ஒன்றரை அடி பின்னால் வழுக்கினேன். இங்வில்லோ அசையவே இல்லை. அவள் ஸ்கீயின் அடியில் பனி திரண்டு திரண்டு ஒட்டி, குதிகால் செருப்புப் போட்டவள் மாதிரி உயர்ந்துகொண்டே போனாள். தீரிலும் பையன்களும் எங்களைத் தாண்டிச் சர்ரென்று போனார்கள். பின்னாலேயே ஸ்டைனார், அசடு வழிந்தபடி. அவர்களுடையதெல்லாம் அடியில் ரோமப்பட்டை ஒட்டின புதுமாதிரி ஸ்கீ. மெழுகே வேண்டாம், பிசினும் வேண்டாம்.

"இதைப் போட்டுக்கிட்டிருந்தா நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும்!" என்று மேலேயிருந்து கத்தினாள் என் பெண். வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

"உன்னோடதைத் திருப்பிக் காட்டு" என்றேன் இங்வில்லிடம்.

"நீ முதல்ல காட்டு."

இரண்டு பேரும் ஒரு காலைத் தூக்கிக் காட்டினோம். என்னுடையதில் நீலம். அவளுடையதில் பழுப்பாக, கொழகொழவென்று பிசின்.

"பிசினா! உனக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாதே!"

"உனக்காகப் போட்டேன். நீ மட்டும் என்ன? நீலமாடி போட்டிருக்கே, அக்கா!"

'டி' போட்டுவிட்டாள், அக்காவை. இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கால் மடங்கி, பனியிலேயே விழுந்தோம். சிரிப்பு அடங்கினதும், அவள் கையுறையைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த மெஸேஜ். விளையாட்டுக்குத்தானே எழுதினே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன். "நிஜமாத்தான் எழுதினேன். நீ என்னை ஏமாத்திட்டேன்னு நினைச்சேன். அனுப்பிட்டு அழுதேன்."

அவள் ஒரு பிடி பனியை அள்ளிக் கையில் உருட்டினாள். பனி விழுந்துகொண்டிருந்தது.

"நானும் உனக்கு அந்த மாதிரி எத்தனையோ எழுதியிருக்கேன்" என்றாள். "அனுப்பல, அவ்வளவுதான்."

ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் வீட்டைப் பார்த்து இறங்கினோம். என்னால் சும்மா நடக்க முடியுமா?

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் தோள் விறைத்தது. எட்டாம் வாரம், சனிக்கிழமை, உருளைக்கிழங்கு நான், கறி நீ என்று அடுக்கப்போகிறேன் என்று காத்திருந்தாள். அதுதான் என் நாக்கிலும் தயாராக நின்றது. விழுங்கினேன்.

"அடுத்த வருஷம் எந்த வாரம் வரலாம், இங்வில்?"

அவள் நின்றுவிட்டாள்.

"என்ன கேட்டே?"

"காது கேக்கலையா? எந்த வாரம்னு கேட்டேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. பனிதான் என்று சொல்வாள், நம்பாதீர்கள்.

"இன்னொரு தடவை கேளேன்."

"போடி" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, இன்னொரு தடவை கேட்டேன்.